சென்னைக்கு முன் ஒரு மேடை



போர்ட் பிளேரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். (2024இல் ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அவர் பழைய பெயரைத்தான் எழுதுகிறார். எனக்கும் வாயில் அதுதான் வருகிறது.) மகள் நன்றாகப் பாடுவாளாம். பாட்டையே தொழிலாக்கிக்கொள்ள ஆசையாம். சென்னைக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பலாம் அம்மா. இப்போதே வேண்டாம்.

முன்பென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அப்பால் இருப்பவரை யார் கூப்பிட்டுப் பாடவைப்பார்கள்? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் இயங்கத் தொடங்கியது. அந்தமான் தீவுகளை இணைத்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். இன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடிய ட்ராக், மதியச் சாப்பாட்டுக்குள் கோடம்பாக்கம் போய்விடும். வாய்ப்புக் கேட்க ஊரை விட வேண்டியதில்லை.

பணம்தான் சங்கதி. சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே தடவைச் சம்பளம். ட்ராக் பாடினால் அதிலும் குறைவு. கடைசியில் படத்தில் வேறொருவர் குரல் இருக்கும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமை தந்தது. அதைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடு. அடுப்பெரிய வைப்பது கச்சேரிதான். பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் இன்ஜினீயரிங் படிக்க மெட்ராஸ் வந்தவர்; 1966இல் முதல் படப் பாட்டு. சினிமாவில் நிலைபெறும்வரை மெல்லிசைக் குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். அந்தக் குழுவில் வாசித்தவர்களில் ஒருவர் இளையராஜா.

மேடைக்கு உங்கள் ஊரில் பஞ்சமா? வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம், மலையாளிகளின் ஓணம், வங்காளிகளின் துர்கா பூஜை. கடைத்தெருவுக்குப் போய் வந்தாலே ஐந்து மொழி காதில் விழும். ஒரே பாட்டை நான்கு மொழியில் வெளியிடும் இந்தக் காலத்தில், உச்சரிப்புப் பிசகாமல் வங்காளமும் தெலுங்கும் பாடும் தமிழ்ப் பெண்ணுக்கு உள்ள மதிப்பே தனி. சென்னையில் வகுப்புக்குப் போய்க் கற்க வேண்டியதை உங்கள் மகள் தெருவில் கற்றிருப்பாள். 1963 முதல் ஒலிபரப்பும் வானொலி நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடிஷன் தேறி, ‘பி’ கிரேடாவது வாங்கட்டும்.

தொலைக்காட்சிப் போட்டிக்கு அப்புறம் போகலாம். இந்த வருட துர்கா பூஜைக்குப் பந்தல் போடும் குழுவிடம் இரண்டு பாட்டுக்கு இடம் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று கட்டாயம் வங்காளத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்