தோட்டத்துப் பால்யம் சித்திரப் புத்தகமாக வேண்டும்

ஸ்கூடாய் வட்டாரத்தில் முத்தியாரா ரினி என்னும் குடியிருப்பில் ஒரு தமிழ்ப்பள்ளி நடைபெறுகிறது. அதன் பெயர் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயரில் தோட்டம் உண்டு; சுற்றிலும் இருப்பவை வீடுகளும் கடைவரிசைகளும் வாகனங்கள் ஓயாத சாலைகளுமே. ஜொகூர் மாநிலத்தின் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் சரித்திரம் இதுவேயாகும். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் சாய்ந்து தாமான்கள் எழுந்தன. லயத்து வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்த ஜனங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். பள்ளியின் பெயர்ப்பலகையில் மாத்திரம் தோட்டம் தங்கிவிட்டது. அந்தப் பலகையைக் கடந்து நாள்தோறும் வகுப்புக்குப் போகிற ஏழு வயதுக் குழந்தை, தோட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டால், இதோ பார் என்று விரித்துக் காட்ட நம் கையில் ஒரு சித்திரப் புத்தகம் இருக்கிறதா?

அத்தகைய புத்தகத்துக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மரம் சீவும் தந்தை, மங்குகளைத் துடைத்து வைத்து ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் அண்ணன், ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் கிடக்கும் தங்கை. ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழனின் கையில் வைத்துவிட்டு ஓடும் குறும்பு. மாரியம்மன் திருவிழாவை ஒட்டித் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட திரைப்படம். சம்பள நாள் வரையில் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு அரிசி கொடுத்த சீனர் கடை. நோன்புப் பெருநாளன்று மலாய் அண்டை வீட்டார் கொண்டுவந்த லெமாங். இவை யாவும் இன்னும் அறுபது, எழுபது வயதினரின் ஞாபகத்தில் பசுமையாக இருக்கின்றன. வறுமையும் கங்காணியின் அதட்டலும் அந்த வாழ்வில் இருந்தன என்பது மெய்யே. அவற்றையும் மறைக்காமல் குழந்தை தாங்கும் அளவில் சொல்லலாம்.

ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் பால்யத்தை இவ்வாறு புத்தகமாக்கிக் காத்துக்கொண்டதற்கு உலகில் சிறந்த உதாரணமாக யூதர்களைச் சொல்வேன். நியூயார்க்கில் ஏழை யூதக் குடியேறிகளின் மகளாக வளர்ந்த சிட்னி டெய்லர், தம் மகள் புத்தகங்களில் யூதக் குழந்தைகளையே காணோமே என்று குறைப்பட்டபோது, தாமும் தம் சகோதரிகளும் வளர்ந்த கதையை இரவுதோறும் அவளுக்குச் சொல்லி, பின்னர் எழுதியும் வைத்தார். அவர் அறியாமலே அவருடைய கணவர் அதனைப் போட்டிக்கு அனுப்ப, ஐந்து சகோதரிகளின் கதையாக 1951இல் அது பிரசுரமாயிற்று. பண்டிகைகளும், வெள்ளிக்கிழமை அந்தியில் தாய் ஏற்றும் விளக்கும், நூலகத்துக்குப் போகும் ஆவலும் நிறைந்த அந்தச் சாதாரணக் குடும்பக் கதையை யூதரல்லாத குழந்தைகளும் விரும்பிப் படித்தார்கள். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இத்திஷ் மொழியில் எழுதிய கதைகள் 1966இல் 'ஸ்லாட்டே என்னும் ஆடு' என்ற நூலாக வந்தபோது, அதற்குச் சித்திரம் தீட்டிய மாரிஸ் செண்டாக், நாஜிகளின் கொடுமையில் மாண்ட தம் உறவினரின் முகங்களைக் குடும்பப் புகைப்படங்களிலிருந்து எடுத்து அந்தப் பக்கங்களில் உயிர்ப்பித்தார். அழிந்துபோன ஊர்களை அவர்கள் குழந்தைகளின் கையில் ஒப்படைத்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

அவர்கள் தம் கதையோடு நின்றுவிடவும் இல்லை. போலந்து யூதக் குடும்பத்தில் பிறந்து, யூத வெறுப்புக்கு அஞ்சித் தம் பெயரையே மாற்றிக்கொண்ட எஸ்ரா ஜாக் கீட்ஸ், 1962இல் தாமே எழுதி வரைந்த 'பனி நாள்' என்னும் புத்தகத்தில், முதற்பனியில் விளையாடும் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கதாநாயகனாக்கினார். மறு ஆண்டு அமெரிக்காவின் உயரிய சித்திரப் புத்தக விருதான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. ஒதுக்கப்பட்டவனின் வேதனையை அறிந்த நெஞ்சம் ஒதுக்கப்பட்ட பிறரையும் அணைத்துக்கொண்டது.

நம் நாட்டில் யூதர் என்னும் சொல்லைக் குழந்தைகள் பெரும்பாலும் யுத்தச் செய்திகளிலேயே கேட்கிறார்கள். பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து யூதர் இடுகாடு ஒன்று உண்டு என்பதைப் பெரியவர்களிலும் பலர் அறியார். பாலஸ்தீனக் குழந்தைகளுக்காக நம் நெஞ்சம் பதறுவது தர்மம். அந்தத் தர்மத்துக்கு, வேறொரு வீட்டில் வேறொரு பிரார்த்தனையோடு வளரும் குழந்தையின் பால்யத்தை அறிந்துகொள்வதால் எந்தக் குறைவும் நேராது.

நம் நாட்டிலேயே வழிகாட்டியும் இருக்கிறார். பேராக் மாநிலத்துக் கம்பத்தில் வளர்ந்த கேலிச்சித்திரக்காரர் லாட் 1979இல் வெளியிட்ட 'கம்பத்துப் பையன்', ஈயவாரிக் கப்பலும் ஆற்றுக் குளியலும் நிறைந்த ஒரு மலாய்ச் சிறுவனின் கதையாக இருந்தும், சீனரும் தமிழரும் அதனைத் தம் சொத்தாகவே பாவிக்கிறார்கள். ஜொகூரின் தோட்டத்துப் பையனுக்கு அத்தகைய புத்தகம் ஏன் வரலாகாது? அவன் கதையில், ஜொகூர் பாருவின் பழைய சீனக் கோவிலிலிருந்து ஐந்து மொழிக்குழுவினர் ஐந்து தெய்வங்களைச் சுமந்து வரும் ஊர்வலமும், மூவாரின் குதிரை நடனமும், நீரிணைக் கரைச் சதுப்புக்காட்டில் படகுகளிலேயே வாழ்ந்த சிலேத்தார் மக்களும் இயல்பாகவே வருவார்கள். ஏனெனில் அவன் அவர்கள் நடுவேதான் வளர்ந்தான்.

சென்னையில் தாரா, துளிகா ஆகிய பதிப்பகங்கள் தொண்ணூறுகளிலிருந்து குழந்தைகளுக்காக ஆற்றிவரும் தொண்டு மிக உயர்ந்தது. அவர்களுடைய புத்தகங்களை நம் பள்ளிகள் இன்னும் அதிகமாக வாங்க வேண்டும். ஆயினும் கூலாயையும் குளுவாங்கையும் சிகாமட்டையும் வரைந்து தரும் பொறுப்பை அவர்கள்மேல் சுமத்துவது நியாயமாகாது. அது நம் கடமை. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இலேயே ரத்தாகிவிட்ட பின்னரும் பயிற்சி நூல்களுக்குத் தாராளமாகச் செலவிடுகிற பெற்றோர், கதைப் புத்தகம் என்றதும் கையைச் சுருக்கிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அமெரிக்காவில் 2005இல் ஹரால்டு கிரின்ஸ்பூன் என்பவரின் அறக்கட்டளை, யூதக் குடும்பங்களின் வீட்டுக்கே மாதந்தோறும் இலவசமாகக் குழந்தைப் புத்தகம் அனுப்பும் கைங்கரியத்தைத் தொடங்கியது. இன்று அது பல நாடுகளில் நடைபெறுகிறது. நாம் அத்துணை பெரிதாகத் தொடங்க வேண்டுவதில்லை. தோட்டப் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு பள்ளியும், முன்னாள் மாணவரின் பொருளுதவியோடு, தன் தோட்டத்தைப் பற்றி 32 பக்கத்தில் ஒரே ஒரு சித்திரப் புத்தகம் வெளியிட்டால் போதும். ஓவியம் பயிலும் நம் இளைஞர்களுக்கு அதற்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும்; இனாமாக வரைந்து தரச் சொல்லக்கூடாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருக்கும் அன்பர்கள், அவர்கள் சொல்வதை இந்த வாரமே கேட்டு எழுதி, பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.