குக்கர் விசில் அடிக்கும்போது கேஸ் எங்கே போகிறது?

'போன மாசம்தானே மாத்தினோம், அதுக்குள்ளயா காலி?' சிலிண்டர் தீரும் நாளில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. சந்தேகம் முதலில் டியூப் மீது போகும், அடுத்து சிலிண்டரின் எடை மீது. அடுப்பைத் திருகும் கை மீது மட்டும் போகாது.

14.2 கிலோ கேஸை முழுக்க எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 65 கோடி ஜூல் ஆற்றல். கரன்ட் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். பற்றவைக்கும் வரை அது வேதி ஆற்றலாக சிலிண்டருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பற்றவைத்ததும் வெப்பமாகிறது, கொஞ்சம் ஒளியாகவும் ஆகிறது. குக்கருக்குள் அந்த வெப்பம் தண்ணீரை நீராவியாக்க, நீராவி வெயிட்டைத் தூக்குகிறது. இது இயக்க ஆற்றல். கூடவே விசில், அது ஒலி ஆற்றல். பள்ளியில் மனப்பாடம் செய்த 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்பது தினமும் காலையில் இப்படித்தான் அலறுகிறது.

ஜூல் என்ற அலகு, ஜேம்ஸ் ஜூல் என்பவரின் பெயர். இங்கிலாந்தில் பீர் தயாரிக்கும் குடும்பத்துப் பிள்ளை. 1840-களில், கீழே இறங்கும் எடைக்கற்களைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்பைச் சுழலவிட்டு, தண்ணீர் லேசாகச் சூடாவதை அளந்து காட்டியவர்.

அழியாத ஒன்றுக்கு எதற்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்ட வேண்டும்? சமையலறையைப் புழுக்கமாக்கிய வெப்பத்தைப் பிடித்து மறுபடி சிலிண்டரில் அடைக்க முடியாதே!

உண்மையான செலவு கொதி வந்த பிறகுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2.9 லட்சம் ஜூல் போதும். அதே தண்ணீர் முழுக்க ஆவியாக 22.6 லட்சம் ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! கொதிக்கும் தண்ணீரின் சூடு திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கரில் அழுத்தம் இருப்பதால் சூடு 120 டிகிரி வரை போகும், அதனால்தான் வேகம். ஆனால், அழுத்தம் ஏறிய பிறகும் தீ முழுசாக எரிந்தால், மிச்ச வெப்பம் விசில் வழியே வெளியேறும்.

அதனால் முதல் விசிலுக்குப் பிறகு சிம். 'நாலு விசில்' என்று எண்ணிப் பழகியவர்கள் நிமிடக் கணக்குக்கு மாற வேண்டியிருக்கும், ஏனென்றால் சிம்மில் விசில் அபூர்வமாகத்தான் வரும். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே எட்டிப்பார்த்தாலும் நஷ்டம்தான். சுடர் மஞ்சளாக எரிந்தால் கேஸ் சரியாக எரியவில்லை. பொங்கி வழிந்த பால் பர்னர் துளையை அடைத்திருக்கிறதா என்று, அடுப்பு ஆறிய பிறகு பார்க்கலாம்.