மேடான் பயணத்துல தோபாவுக்கு ரெண்டு ராத்திரி கொடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு ஆற அமரப் படிங்க. மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கீழே எழுதுங்க, சண்டை மட்டும் வேண்டாம்.

நடு ஆண்டுப் பள்ளி விடுமுறைக்கு எங்கே போறதுன்னு நம்ம கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்து ஆலயக் குழுக்கள்ல பேச்சு ஆரம்பிச்சாச்சு. பதிலும் வழக்கமானதுதான்: மேடான். பினாங்கிலிருந்து விமானம் ஏறினா ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம்ம மலாய் மொழியே போதும். செலவும் தாங்கும். அதுல எனக்கு மறுப்பே இல்லை.

என் மறுப்பெல்லாம் அந்தப் பயணத் திட்டத்து மேலதான். முதல் நாள் கம்போங் மெட்ராஸ்ல ஸ்ரீ மாரியம்மன் தரிசனம், சாயந்திரம் கடைத்தெரு. ரெண்டாம் நாள் பஸ்ல நாலஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பாராப்பாட் போய், ஏரிக்கரையில ஒரு மணி நேரம் படம் எடுத்துட்டு, அதே பஸ்ல திரும்பறது. மூணாம் நாள் பிக்கா அம்போன் பலகாரம் வாங்கிட்டு வீடு. "தோபா பார்த்தாச்சு" என்று சொல்லிக்கிறோம். நாம பார்த்தது பஸ் கண்ணாடியைத்தான்.

நான் சொல்ல வர்றது இதுதான்: தோபாவுக்கு ரெண்டு ராத்திரி ஒதுக்குங்க. அதுவும் கரையில இல்லை, ஏரி நடுவுல இருக்கிற சமோசிர் தீவுல. பிள்ளைங்களை பஸ்ஸை விட்டு இறக்கி நடக்க விடுங்க.

இதை வாட்ஸ்அப் குழுவுல சொன்னதும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, கோயில் பேர்ல போற பயணத்துல மலையேற்றமும் நீச்சலும் எதுக்கு? சாமி கும்பிடத்தானே போறோம்?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவா எழுதறேன்.

முதல்ல அந்த இடம் எப்பேர்ப்பட்டதுன்னு தெரியணும். தோபா சாதாரண ஏரி கிடையாது, எரிமலையோட வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் வெடித்த எரிமலை. மனிதன் இந்த மண்ணில் தோன்றிய பிறகு நடந்த வெடிப்புகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. வெடித்து முடிந்ததும் மலையே உள்ளே சரிந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியது. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 500 மீட்டர். நம்ம கொம்தார் கட்டடம் ரெண்டை ஒன்று மேல ஒன்றா நிறுத்தினாலும் முழுகிப் போகும். ஏரியோட நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். நம்ம கொடிமலை உச்சியைவிட அதிகம்! அதனாலதான் ராத்திரியில போர்வை தேடறோம்.

சமோசிர் தீவு எப்படி வந்தது? வெடிப்புக்குப் பிறகு அடியிலிருந்து வந்த அழுத்தம் ஏரியின் தரையையே மெல்ல மெல்ல மேலே தூக்கியது. அந்த மேடுதான் தீவு. பரப்பளவு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல், பினாங்குத் தீவைப் போல ரெண்டு மடங்கு. ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்த மண் மேலே இன்று வீடு, வயல், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கு. 2020ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்ததும் சும்மா இல்லை.

அந்த வெடிப்பின் சாம்பல் நம்ம பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து விழுந்திருக்கு. அங்கே கோத்தா தம்பானில் கற்கருவி செய்துகொண்டிருந்த ஆதி மனிதர்கள் அந்தச் சாம்பல் மழையால்தான் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் இதே சாம்பல் படிவு கிடைத்திருக்கிறது. சுமத்ராவில் வெடித்தது, மலாயா மண்ணிலும் இந்திய மண்ணிலும் படிந்திருக்கு. இதைப் பாடப் புத்தகத்துல படிக்கிற பிள்ளைக்கும், அந்த மண்ணுல கால் வச்சு நிக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

இப்போ பெரியவரோட கேள்விக்கு வர்றேன். "சாமிக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?"

தினமும் கருவறை முன்னால நாம போடறோமே சாம்பிராணி, அது ஒரு மரத்தோட பிசின். மலாய்ல கெமென்யான். இந்தோனேசியாவின் கெமென்யான் பெரும்பாலும் வட சுமத்ரா மலைகளிலிருந்துதான் வருது. அதுல முக்கியமான இடம் தோபாவுக்குத் தென்மேற்கே இருக்கிற ஹும்பாங் மேட்டுநிலம். அங்கே பாத்தாக் விவசாயிகள் மரத்தில் ஏறி, பட்டையைச் சுரண்டி, சின்னச் சின்னதாகக் காயம் போட்டு, மாதக் கணக்கில் காத்திருந்து, வடிந்து இறுகிய பிசினைப் பெயர்த்து எடுக்கிறார்கள். அந்தக் காட்டைக் காப்பாற்ற பண்டுமான், சிப்பித்துஹூத்தா என்ற ரெண்டு கிராமத்து மக்கள் பல வருஷம் போராடினாங்க. 2016 டிசம்பரில் அதிபர் ஜோகோவி அதை அவர்களுடைய மரபுவழிக் காடாக அங்கீகரித்தார். நம்ம கோயில்ல புகையுற சாம்பிராணிக்குப் பின்னால இப்படியும் ஒரு கதை இருக்கு.

கற்பூரமும் அப்படித்தான். மலாய்ல கற்பூரத்துக்குப் பேரு "காப்பூர் பாரூஸ்". பாரூஸ் என்பது தோபா மலைகளைத் தாண்டி, சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர். பழங்காலத்தில் உலகமே தேடி வந்த கற்பூரத் துறைமுகம். அங்கே லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு போட்டது. அதாவது கிட்டத்தட்ட 950 வருஷத்துக்கு முன்னாலயே நம்ம ஆளுங்க அங்கே கடை போட்டு வியாபாரம் பண்ணியிருக்காங்க. பெராஸ்தாகி பக்கத்து காரோ பாத்தாக் மக்களில் செம்பிரிங் என்ற குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, பிரம்மானா என்று உட்பிரிவுகள் உண்டு. இதில் தென்னிந்தியத் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். பேரைக் கேட்டாலே நமக்கு மெய் சிலிர்க்குது.

அதுக்குப் பல நூறு வருஷம் கழிச்சுதான் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு நம்ம மக்கள் கூலிகளாகப் போனாங்க. மேடான் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884ல் எழுந்தது அந்தத் தோட்டக் காலத்துலதான். ஆக, மேடான் கோயிலோட நிறுத்திக்கிட்டா நம்ம கதையில கடைசி 140 வருஷத்தைத்தான் பார்க்கிறோம். மிச்சக் கதை மலைக்கு மேல கிடக்கு. அதனால அந்த மலையில நடக்கிறதும் ஆலயப் பயணத்தோட ஒரு பகுதிதான். இது என் கருத்து.

சரி, அங்கே போய் என்ன செய்யலாம்? எனக்குப் பிடிச்சதை மட்டும் சொல்றேன்.

பாராப்பாட்டிலிருந்து படகேறி தூக் தூக் போங்க. முக்கால் மணி நேரம். மலை எல்லாம் சுவர் மாதிரி சுத்தி நிக்கும். எரிமலை வாய்க்குள்ள மிதக்கிறோம்னு அப்பதான் உறைக்கும். காலையில சைக்கிள் வாடகைக்கு எடுத்து தோமோக், அம்பாரித்தா பக்கம் போகலாம். தோமோக்கில் பழைய அரசர்களின் கற்கல்லறைகள், சிகாலே காலே மரப்பொம்மை ஆட்டம். அம்பாரித்தாவில் பழைய வழக்கு மன்றத்தின் கல் நாற்காலிகள். போற வழியெல்லாம் வயல், எருமை, கூரை ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்கிற பாத்தாக் வீடு. நம்ம பக்கத்து சமதரை வயலையே பார்த்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு, எரிமலை மண்ணுல படிப்படியா ஏறுற வயல் புதுசா இருக்கும்.

மேற்கே பாங்குருரான். அங்கே தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற ஒடுக்கமான நிலத்தை டச்சுக்காரர் காலத்தில் வெட்டிக் கால்வாய் ஆக்கினார்கள். எதிரே பூசுக் புஹித் மலை. பாத்தாக் மக்களின் முதல் மூதாதை இறங்கிய இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் அடிவாரத்தில் கந்தக வெந்நீர் ஊற்று. மூட்டு வலி உள்ள அம்மாமார்களுக்கு இந்த ஒரு இடத்துக்காகவே வரலாம். பூமிக்கு அடியில அடுப்பு இன்னும் அணையலைன்னு அந்தத் தண்ணியே சொல்லிடும்.

ஹோல்போங் குன்று, புல் மூடின மேடு, ஏறுறது சுலபம். தாத்தாவும் பேரனும் சேர்ந்தே ஏறலாம். சிப்பிசோ பிசோ அருவி 120 மீட்டர் உயரம். மேலே நின்று பார்க்கிறது எல்லாராலும் முடியும், கீழே இறங்கிட்டு ஏறி வர்றது முழங்கால் நல்லா இருக்கிறவங்களுக்கு மட்டும். இளைஞர்களுக்குத் தெம்பு மிச்சம் இருந்தா திரும்பற வழியில பெராஸ்தாகி சிபாயாக் எரிமலை, வழிகாட்டியோட மட்டும். பக்கத்திலுள்ள சினாபுங் பக்கம் போகவே வேண்டாம். பல நூற்றாண்டுகள் சும்மா இருந்துட்டு 2010ல் விழித்தது, 2014ல் உயிர்ப்பலியும் வாங்கியது. தூரத்திலிருந்து கும்பிட்டுட்டு வந்துடணும்.

இப்போ கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. 2018 ஜூன் 18, நோன்புப் பெருநாள் விடுமுறை நேரத்தில், சிமானிந்தோவிலிருந்து புறப்பட்ட சினார் பங்குன் என்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்தது. கொள்ளளவைவிடப் பல மடங்கு ஆட்கள். 160க்கும் மேற்பட்டவர்களின் உடல்கூடக் கிடைக்கவில்லை, ஆழம் அப்படி. அதனால உயிர்காப்பு ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று கையில கொடுக்காத படகுல நம்ம குழு ஏறக்கூடாது. போன தடவை ஒரு படகுல ஜாக்கெட்டை எல்லாம் கட்டி மூலையில போட்டிருந்தாங்க. கேட்டதும் அவிழ்த்துக் கொடுத்தாங்க. கேட்கணும், அவ்வளவுதான். நீச்சலும் தங்குமிடத்துக் கரையோரம் மட்டும்; ரெண்டு எட்டு தாண்டினா ஆழம் சட்டுனு இறங்கும்.

இன்னொன்று. ஏரியைப் பார்த்ததும் பூவையும் பழத்தையும் பிளாஸ்டிக் பையோட விட்டுட்டு வர்ற பழக்கம் வேண்டாம். அது அந்த மக்கள் மீன் பிடிச்சு, குளிச்சு, சமைக்கிற தண்ணி. அங்கே பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள், பன்றி இறைச்சி சாதாரணம். சைவம் வேணும்னா முன்கூட்டியே சொல்லி வைங்க. காடோ காடோ, தெம்பே, காய்கறி, சோறு தாராளமா கிடைக்கும். "ஹோராஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னா போதும், முகம் மலர்ந்துடும்.

செலவு? ஒரு ராத்திரி கூடுதலாகும், அதை மறைக்க முடியாது. கடைத்தெரு நாள் ஒன்றைக் குறைச்சா பெரும்பகுதி சரியாகும்னு நினைக்கிறேன். கோயில் நிதியில கை வைக்க வேண்டாம். அவங்கவங்க செலவு அவங்கவங்களோடது. வசதி இல்லாத ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு மட்டும் உபயதாரர் பார்க்கலாம். அன்னதானத்துக்குக் கொடுக்கிற கை இதுக்கும் கொடுக்கும்.

நம்ம இளைஞர்கள் கோயிலுக்கு வர்றது குறைஞ்சிடுச்சுன்னு கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படறோம். வர்றவங்களையும் வரிசையில நில்லு, தட்டைக் கழுவு, நாற்காலியைத் தூக்கு என்கிறோம். சேவை வேணும், நானும் அதைத்தான் செய்யறேன். ஆனா அவங்க கையில நாம கொடுக்கிற சாம்பிராணி எந்த மலையிலிருந்து வந்ததுன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினது உண்டா? காட்டினா, அடுத்த தடவை தூபக்கால் பிடிக்கிற கை வேற மாதிரி பிடிக்கும்னு நம்பறேன்.

நிர்வாகம் அடுத்த கூட்டத்துல பயணத் திட்டத்தை முடிவு பண்ணும். சமோசிர்ல ரெண்டு ராத்திரி வேணும்னு நினைக்கிறவங்க கீழே பேரைப் போடுங்க. குடும்பத்துல எத்தனை பேர், நீச்சல் தெரியாதவங்க எத்தனை பேர், மூட்டு வலி உள்ளவங்க எத்தனை பேர்னும் சேர்த்து எழுதுங்க. படகையும் தங்குமிடத்தையும் அதை வச்சுத்தான் பேசணும்.