அணியும் நாடும்: தென்னாப்பிரிக்க ரக்பி உணர்த்தும் பன்மை

பன்னாட்டுப் போட்டிகளில் களமிறங்கும் அணியை நாட்டின் கண்ணாடியாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. பல இனத்தவரும் பல மொழியினரும் ஒரே சீருடையில் நிற்கும் காட்சி, அந்நாட்டின் பன்மைக்கும் அது போற்றும் விழுமியங்களுக்கும் சான்றாகக் காட்டப்படுகிறது. இக்கருத்து மீளாய்வுக்குரியது. பன்மை வாய்ந்த அணி, நாடு தன் மக்களுக்கு அளிக்கும் வாக்குறுதியையே பெரிதும் காட்டுகிறது. அவ்வாக்குறுதி நிறைவேறியதா என்பதை அறிய, வீரர்கள் அணிக்கு வந்துசேரும் வழியை ஆராய வேண்டும். தென்னாப்பிரிக்க ரக்பியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இனஒதுக்கல் ஆட்சியில் ஸ்பிரிங்பாக் மான் சின்னம் பொறித்த பச்சைச் சீருடை நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாக இருந்தது. அரங்கில் தனியிடத்தில் ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பார்வையாளர் எதிரணிக்கே ஆதரவாக முழங்கினர். பிற விளையாட்டுகளிலும் இதுவே நிலை. 1963இல் நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியில் வென்ற இந்திய வம்சாவளியினரான பப்வா செவ்கோலம், மன்றக் கட்டடத்தினுள் நுழைய இசைவின்றி வெளியே மழையில் நின்று பரிசு பெற்றார். இயல்பற்ற சமூகத்தில் விளையாட்டு மட்டும் இயல்பாக இருக்கவியலாது என்பது, 1973இல் தோன்றிய தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கழகம் முன்வைத்த நிலைப்பாடு. நாட்டின் நடப்பு நிலையைப் பிழையின்றிக் காட்டிய அணி எதுவெனக் கேட்பின், வெள்ளையர் மட்டுமே ஆடிய அவ்வணியையே சுட்ட வேண்டியிருக்கும்.

1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் நியூசிலாந்தை 15–12 எனத் தென்னாப்பிரிக்கா வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அணித்தலைவர் பிரான்சுவா பினாரின் 6ஆம் எண் சீருடையை அணிந்து நெல்சன் மண்டேலா கோப்பையை வழங்கினார். ஒடுக்கியோரின் சின்னத்தை ஒடுக்கப்பட்டோரின் தலைவர் தம் உடலில் ஏற்றதால், அச்சின்னம் புதுப்பொருள் பெற்றது. எனினும் களத்தில் ஆடியோருள் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. குறியீடு மாறியது, அணி அவ்வளவாக மாறவில்லை.

2019இல் யோக்கோகாமாவில் இங்கிலாந்தை 32–12 என வென்றபோது கோப்பையை உயர்த்தியவர் சியா கொலிசி. அவ்வணியின் முதல் கறுப்பினத் தலைவர் அவர். மாபிம்பியும் கோல்பியும் தலா ஒரு ‘ட்ரை’ அடித்தனர். இருபத்து நான்கு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் பெரிது. ஆயினும் ஸ்வீடே எனும் வறிய குடியிருப்பில் வளர்ந்த கொலிசி, பன்னிரண்டாம் அகவையில் கிரே பள்ளியில் உதவித்தொகையுடன் இடம்பெற்ற பின்னரே அவருக்கு வழி திறந்தது. முன்பு வெள்ளையர்க்கே உரியதாக இருந்த வசதிமிக்க பள்ளி அது. அத்தகைய குடியிருப்புகளில் வளர்ந்த பிற சிறுவர் பலர்க்கு அவ்வழி திறக்கவில்லை. ஒருவரின் உயர்வு திறமைக்குச் சான்று. வாய்ப்பின் சமத்துவத்துக்கு அது மட்டும் சான்றாகாது.

மொழிக்கும் இது பொருந்தும். ஆட்டத்திற்கு முன் இசைக்கப்படும், 1997இல் ஏற்கப்பட்ட நாட்டுப்பண் சோசா, சூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் அமைந்தது. 1996ஆம் ஆண்டு அரசமைப்போ பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. தமிழ் உள்ளிட்ட வேறுசில மொழிகளையும் பேணி மதிக்கத்தக்கவையாகப் பெயர் சுட்டியது. குறியீடு எத்துணை விரிந்தாலும் சிலவற்றைத் தேர்ந்து சிலவற்றை விடுத்தே அமைகிறது என்பது இதனால் பெறப்படும்.

இதனால் குறியீடு வெற்றுத்தோற்றம் எனத் தள்ளவியலாது. 1995இன் வாக்குறுதி பலரறிய அளிக்கப்பட்டதாலேயே, அது ஏன் நிறைவேறவில்லை என அடுத்த தலைமுறை வினவ முடிந்தது. நாட்டை அளக்கும் கோலை அந்நாட்டின் கையிலேயே அணி தருகிறது. அதன் மதிப்பு அங்குதான் உள்ளது. விளையாட்டைப் பண்பாட்டுப் பனுவலாக வாசிக்கும் தமிழாய்வுகளும் கோப்பையேந்திய படத்தோடு நின்றுவிடாமல், பள்ளி மைதானம், உதவித்தொகை, தேர்வுக்குழு ஆகியவற்றையும் அப்பனுவலின் பகுதிகளாகக் கொள்ளுதல் வேண்டும். பன்மை மெய்யாக இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.