மாறாத முறைமையும் மாறும் முதலாளியும்

வீட்டு மூலையிலே ஒரு பழைய கணினி. அதிலே குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் நூல்களும். பெருநிறுவனங்களின் களஞ்சியங்களுக்கு மாதவாடகை செலுத்த மறுத்த ஒருவரின் சேவையகம் அது. அதற்கு மாற்றவியலாத லினக்ஸ் முறைமை ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்றதுமே, ‘சொந்தப் பொறியில் கைவைக்க உரிமையாளனுக்கே தடையா? இதுவா சுதந்திர மென்பொருள்?’ என்று குமுறுவோர் உளர்.

இக்குமுறல் அர்த்தமற்றது என்போம். இவ்வகை முறைமையில் அடிப்படைக் கோப்புக்கள் வாசிப்புக்கு மட்டுமே திறந்திருக்கும். புதுப்பித்தல் தனியானதொரு பிரதியில் முழுமையாக நடந்தேறி, பொறி மீளத் தொடங்கும்போதே நடைமுறைக்கு வரும். கோளாறு நேரின் முந்திய பிரதிக்குத் திரும்பலாம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன், அரைகுறையாய் நின்ற புதுப்பித்தலோடு நள்ளிரவில் மல்லுக்கட்டுவதா சுதந்திரம்? பூட்டு இருப்பது குற்றமன்று; திறப்பு யார் கையில் என்பதே கேள்வி. இங்கே திறப்பு நம் கையில் இருக்கிறது.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. 2013இல் தோன்றிய கோர்ஓஎஸ் நிறுவனத்தின் ‘கொன்ரெய்னர் லினக்ஸ்’ இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2018இல் அந்நிறுவனத்தை றெட் ஹற் 25 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2019இல் றெட் ஹற்றை ஐபிஎம் விழுங்கிற்று. 2020 மே மாதத்துடன் கொன்ரெய்னர் லினக்ஸின் ஆயுள் முடிந்தது. வாரிசாக வந்த பெடோரா கோர்ஓஎஸ்ஸை நாடியோர் முதலிலிருந்தே நிறுவ வேண்டியதாயிற்று. முறைமை மாறாததுதான், முதலாளி மாறினான்!

எனினும் மூலநிரல் பொதுச்சொத்தாய் இருந்தமையால், அதிலிருந்து கிளைத்த பிளாற்கார் உயிர் தப்பியது. அதனை வளர்த்த நிறுவனத்தையும் 2021இல் மைக்ரோசொப்ற் வாங்கியது. ஆயினும் 2024இல் அத்திட்டம் கிளவுட் நேற்றிவ் கொம்பியூட்டிங் பவுண்டேசன் என்னும் பொது அமைப்பின் கீழ் வந்து சேர்ந்தது.

ஒரேயொரு பொறி வைத்திருப்போருக்கு ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ்ஸையே நாம் பரிந்துரைப்போம். வழமையான முறையில் நிறுவலாம். புதுப்பித்தல் பழுதானால் முன்னைய நிலைக்கு மீளலாம். அதற்கும் புரவலர் ஒரு நிறுவனமே என்பதை மறக்கலாகாது. ஆகவே சேவைகளைக் கொள்கலன்களில் இயக்குவோம். அமைப்பு விபரங்களைச் சாதாரண எழுத்துக்கோப்பாய்ப் பேணுவோம். தரவுகளுக்கு வேறொரு வட்டில் பிரதி வைப்போம். மீளும் வசதி முறைமையைத்தான் காக்கும். அழிந்த படங்களை மீட்டுத் தராது.

நாளை எந்த முதலாளி எந்த முறைமைக்கு முடிவு கட்டினாலும், ஒரு மாலைப்பொழுதில் மூட்டைகட்டிக் குடிபெயரும் வல்லமை நமக்கு வேண்டும். அவ்வல்லமை இல்லாதவனுக்குத் தன் வீட்டுச் சேவையகமும் வாடகை வீடே.