மார்கழியில் விதைத்ததற்கு மாசியில் மதிப்பெண்ணா?

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்: மார்கழியில் விதைத்தால், விழுது மண்ணுக்குள் இறங்கும் 40, 45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். தவறினால் காய் பொக்காகிவிடும். ஆனால் பொக்கா, திரட்சியா என்பது செடியைப் பிடுங்கும் நாளில்தான் தெரியும். அதற்கு நூறு நாளாவது ஆகும்.

மேல்நிலைப் பள்ளியில் வேளாண் பிரிவு மாணவருக்கோ, செடி பூத்து நிற்கும்போதே செய்முறைத் தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் போட்டாகிவிடுகிறது. புறத்தேர்வாளர் ஒரு நாள் வருகிறார், ரெக்கார்டு நோட்டைப் புரட்டுகிறார், கையெழுத்திடுகிறார். மின்பிரிவு, இயந்திரவியல், செவிலியர் பிரிவுகளிலும் கதை இதுதான். 1978இல் பிளஸ் 2 வந்ததிலிருந்து தொழிற்கல்வி இருக்கிறது; மொத்த மதிப்பெண் 1200லிருந்து 600 ஆனது; அளக்கும் முறை மட்டும் அசையவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 8 போடுகிறவருக்கு யாரும் நூற்றுக்கு 63 தருவதில்லை. கால் ஊன்றினால் மறுபடி வரச் சொல்கிறார்கள். தொழிற்கல்விக்கும் இதுவே பொருந்தும். மாணவர் கற்க வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் கைவரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய விட வேண்டும். கைவந்த தேதியை ஒரு வேலை ஏட்டில் பதிந்தால் போதும். முதல் முறை தவறியதற்காக மதிப்பெண் குறையக் கூடாது.

ஆசிரியர் வேண்டியவருக்கு வாரி வழங்குவார் என்பார்கள். நியாயமான பயம். 2012-13இல் தொடர் மதிப்பீடு வந்தபோது, கடையில் வாங்கிய படத்தை சார்ட்டில் ஒட்டி வளரறி மதிப்பெண் வாங்கிய கூத்தையும் பார்த்தோம். அதனால்தான் ஏட்டில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரும், உள்ளூர் வேளாண் அலுவலரோ எலக்ட்ரீஷியனோ ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறோம். கல்லூரிச் சேர்க்கைக்கான எழுத்துத் தேர்வு இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு பயம், பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்கே தள்ளும் என்று எதிர்க்கப்பட்ட 1953இன் குலக்கல்வித் திட்டம் திரும்பிவிடுமோ என்பது. அந்தக் காயம் தமிழ்நாட்டுக்கு ஆறாதது, ஆறவும் வேண்டாம். ஆனால், பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவரைத் தொழிற்பிரிவுக்குத் தள்ளிவிட்டு, அங்கேயும் தொழிலைக் கற்றுத்தராமல் அனுப்புவது எந்த வகைச் சமூகநீதி?

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.எம்.வி. ரகங்களை ஒரே நாள் பார்த்துவிட்டு யாரும் வெளியிடவில்லை. பல பருவம், பல வயலில் வைத்துப் பார்த்தார்கள். விதைக்குக் கிடைத்த அந்தப் பொறுமை மாணவருக்கும் கிடைக்கட்டும்.

2025-26லிருந்து பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லை. கைக்குக் கிடைத்த அந்த ஓராண்டை பிளஸ் 2 பாடத்தை முன்கூட்டியே உருப்போட வைத்துத் தின்றுவிடாமல், விழுப்புரம் மாவட்டத்தின் சில அரசுப் பள்ளிகளிலாவது பள்ளிக் கல்வித்துறை இந்த வேலை ஏட்டைத் தொடங்க வேண்டும். வேளாண் பிரிவு ஏட்டின் கடைசிப் பக்கத்தை அறுவடை வரைக்கும் திறந்தே வைத்திருக்கட்டும்.