சோக் மாட்டாமல் வண்டியை வாங்காதீர்கள்

ஊரில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு சோக் என்பது ஓர் அலங்காரப் பொருள். மதுரையிலோ திருச்சியிலோ மார்கழியில்கூட இரண்டு உதை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இடது கைப்பக்கம் இருக்கும் அந்தக் குட்டி லீவர் எதற்கென்று தெரியாமலே பத்து வருஷம் ஓட்டினவர்கள் நம்மில் நிறைய பேர். அப்புறம் ஒருநாள் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். டேங்க்கைக் காலி செய்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் வண்டியை லக்னோவுக்கோ கான்பூருக்கோ கொண்டு வருவோம். இங்கே ஜனவரி காலையில் ஆறேழு டிகிரி. எதிரில் எருமை நின்றால்கூடத் தெரியாத பனி. அந்த லீவருக்கு அப்போதுதான் வேலை வருகிறது.

என் கட்சி இதுதான். கார்புரேட்டரை மாற்றினால் சோக் இணைப்பையும் மாட்டித் தந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதுவரை கூலியைக் கொடுக்காதீர்கள்.

(2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் அநேகமாக இன்ஜெக்‌ஷன்தான். அவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கலாம் :) )

பழைய கார்புரேட்டர் தேய்ந்து போய்விட்டது, புதுசு போடணும் என்கிறார் மெக்கானிக். சரி என்கிறோம். வேறு கம்பெனி கார்புரேட்டர் வருகிறது. பெட்ரோல் டியூப் சேர்கிறது, ஆக்சிலேட்டர் கேபிள் சேர்கிறது, சோக் கேபிள் மட்டும் சேரவில்லை. உடனே அந்தக் கேபிளைச் சுருட்டி ஃபிரேமோடு சேர்த்து ஒரு டேக் போட்டுக் கட்டிவிடுகிறார். கேட்டால், "சோக் கா க்யா காம், சாப்? செல்ஃப் மே ஹோ ஜாயேகா!" அவர் சொல்வது அக்டோபரில் உண்மைதான். வண்டியும் அவர் கண் முன்னாலேயே ஒரு தட்டில் கிளம்பும். நம் பாங்கில் ஒரு டாக்குமென்ட் குறையும் ஃபைலை "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதி பாஸ் செய்வார்களே, அந்த ரகம். ஆடிட்டர் ஜனவரியில் வருவார்.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி உள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் சில நொடிகளுக்குக் கலவையில் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சில கார்புரேட்டரில் வாய்ப் பக்கம் ஒரு தகடு மூடிக் காற்றைக் குறைக்கும். சோக் என்ற பெயருக்கே காரணம் அந்தத் தகடுதான். கேபிள் வைத்த வண்டிகள் பலவற்றில் தகடு கிடையாது. ஒரு சின்ன பிளஞ்சர் மேலே தூக்கி, கூடுதல் பெட்ரோலுக்குத் தனி வழி திறக்கும். இந்த பிளஞ்சரின் நீளமும் பருமனும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எனவே புது கார்புரேட்டரோடு அதற்கான பிளஞ்சர், ஸ்பிரிங், மேல் நட் மூன்றும் வந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

மாட்டுவது பிரம்ம வித்தை இல்லை. ஸ்பிரிங்கை மேலே அழுத்திப் பிடித்து, கேபிள் முனையில் இருக்கும் குண்டை பிளஞ்சரின் காடியில் நுழைத்து, நட்டைக் கையாலேயே முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் நட் என்றால் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் விரிசல் விடும். லீவரை மூடிய நிலையில் கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொய்வு இருக்கணும். தொய்வே இல்லையென்றால் பிளஞ்சர் முழுதாக இறங்காது. எப்போதும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும், மைலேஜ் போகும், பிளக் கறுத்துப் போகும். சோக் இல்லாததைவிட அரைகுறையாகத் திறந்த சோக் மோசம். மெக்கானிக்குகள் சோக்கைக் கண்டாலே கழற்றி எறிவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சோக்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் செய்கிறார்களே ஒரு வேலை, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குளிரில் வண்டி நிற்கிறது என்று போனால் ஐடில் ஸ்க்ரூவை நன்றாக ஏற்றிவிடுகிறார்கள். கியர் வண்டியில் அது வெறும் பெட்ரோல் செலவு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் அப்படியில்லை. இன்ஜின் வேகம் ஏறினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும், ஸ்டாண்டிலிருந்து எடுத்த உடனே வண்டி முன்னால் இழுக்கும். எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு அந்த ஸ்கூட்டரை எடுப்பது தங்கமணி. பின்னால் பள்ளிக்கூடப் பையோடு பெண். சுற்றிலும் பனி. ஒரு கேபிளை மிச்சம் பிடிக்க இந்த ரிஸ்க் எதற்கு?

கேபிளே இல்லாத ஸ்கூட்டர்களும் உண்டு. ஆட்டோ சோக்குக்கு ஒரு கரண்ட் சாக்கெட் மட்டும் வரும். அதை மாட்டாமல் விட்டால் சோக் மூடவே மூடாது. புது கார்புரேட்டர் போட்டதும் மைலேஜ் குறைந்ததென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மெக்கானிக் முன்னாலேயே இரண்டு சோதனை செய்யுங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோக்கை இழுங்கள். சத்தம் மாறணும், திணறணும். ஒன்றுமே ஆகவில்லையென்றால் லீவர் சும்மா தொங்குகிறது. அடுத்து சோக்கை மூடிவிட்டு, வண்டியை ஓடவிட்டு, ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் ஏறினாலோ திணறினாலோ கேபிள் எங்கோ இழுபடுகிறது. கழற்றி வேறு வழியாக விடச் சொல்லுங்கள். முறைப்பார், ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள் :)